சிறுநீரக நோயாளியின் இதயத்தையும் காப்போம்

(நமது பள்ளிவாசல் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற மருத்துவ முகாமின் நிறைவில் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

   

வரவு செலவு வாசித்து முடிந்த பின்னர் இமாம் சிறிது நேரம் நல்லுரை வழங்குவது நம் பொதுக்குழுவின் மரபு. இவ்வாண்டு நிர்வாகத்தார் நம்மிடம் தலைப்பைக் கேட்டபோது, "சிறுநீரக நோயாளிக்கு வரும் இதய நோய்" என்று எழுதிக் கொடுத்தோம். செயலாளர் அவர்கள் இருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், இது டாக்டர் பேச வேண்டியது அல்லவா?" என்றார்கள். அவர் கேட்டது நியாயமே. நாம் மதரஸாவில் கிதாபு ஓதியவரே அன்றி மருத்துவம் படித்தவரல்லோம். ஆயினும் இப்பொருளைப் பற்றி இந்த ஜமாஅத்திற்குச் சொல்ல வேண்டிய கடன் ஒன்று நம்மீது இருக்கிறது. கடந்த ஓராண்டாக மருத்துவர்களிடம் கேட்டும், புரியாதவற்றை மீண்டும் மீண்டும் கேட்டுத் தெளிந்தும், அறிந்தவற்றை இங்கே சமர்ப்பிக்கின்றோம்.

நம் மோதினார்

சென்ற ஆண்டறிக்கையின் இரங்கல் பக்கத்தில் நம் மோதினார் அவர்களின் பெயரை நீங்கள் வாசித்திருப்பீர்கள். 17 ஆண்டுகள் இப்பள்ளியில் பாங்கு சொன்னவர். நீண்ட காலமாக அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பின்னர் கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்றார்கள். "டயாலிசிஸ் இப்போது தேவையில்லை, மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டு வாருங்கள், மூன்று மாதத்திற்கு ஒருமுறை வாருங்கள்" என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். அந்த வார்த்தைகளில் "டயாலிசிஸ் தேவையில்லை" என்ற முதற்பகுதி மட்டுமே நம் செவியில் ஏறியது. நாம் மகிழ்ந்தோம். என்றேனும் ஒருநாள் தேவைப்படுமே என்று பைத்துல்மாலில் அவருக்காக ஒரு தொகையையும் ஒதுக்கி வைத்தோம்.

அதற்குப் பின் நடந்தவற்றை இப்போது எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சம் கனக்கிறது. மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறுபவர் நடுப்படியில் நின்று மூச்சு வாங்கிச் செல்வார். மாலையில் கால் வீங்கியிருக்கும். "கிட்னிக்காரருக்கு இதெல்லாம் இருப்பதுதான்" என்றோம். முட்டி வலிக்கிறது என்றபோது, கடையில் வலி மாத்திரை வாங்கி வரும்படி பையனை அனுப்பியது நாமே. வெயில் காலத்தில் உடம்பு குளிரட்டும் என்று நாள்தோறும் இளநீர் வாங்கிக் கொடுத்ததும் நாமே. இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து மாதக் கணக்காகிவிட்டது என்பதை மட்டும் அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஒரு நாள் பஜ்ருக்குப் பாங்கு ஒலிக்கவில்லை. அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தபோது வியர்வையில் நனைந்து சுவரில் சாய்ந்திருந்தார். மருத்துவமனை சென்று சேர்ந்த சற்று நேரத்தில் வஃபாத்தாகிவிட்டார். மாரடைப்பு என்றார்கள். "இவருக்குச் சிறுநீரக நோய் அல்லவா இருந்தது? நெஞ்சு வலி என்று ஒருநாளும் சொன்னதில்லையே" என்று கேட்டோம். பணியிலிருந்த இளம் மருத்துவர், "சிறுநீரக நோய் இருந்ததனால்தான் ஹஜ்ரத் இதயமும் கெட்டது" என்றார். டயாலிசிஸுக்கென நாம் ஒதுக்கி வைத்திருந்த தொகையிலிருந்துதான் கபன் துணி வாங்கினோம்.

அந்த மருத்துவர் சொன்ன ஒரு வாக்கியத்தின் பொருளை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

மருத்துவம் முன்பே அறிந்த உண்மை

சிறுநீரகத்திற்கும் இதயத்திற்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட் என்னும் மருத்துவர், சிறுநீரக நோயால் இறந்தவர்கள் பலருடைய இதயம் பெருத்துத் தடித்திருப்பதை 1836-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர், 13-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் வாழ்ந்த இப்னு நஃபீஸ் அவர்கள், இதயத் தசைக்குள்ளேயே பரவியிருக்கும் குழாய்கள்தாம் இதயத்திற்கு உணவூட்டுகின்றன என்று எழுதினார்கள். இன்று நாம் பேசுவது அந்தக் குழாய்களைப் பற்றித்தான்.

1960-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற தொழிலாளிக்கு உலகில் முதன்முதலாக நீண்ட காலத் தொடர் டயாலிசிஸ் தொடங்கப்பட்டது. சில வாரங்களில் மரணம் நிச்சயம் என்றிருந்தவர் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1971-இல் அவர் மறைந்தது சிறுநீரகக் கோளாறால் அன்று, மாரடைப்பால். அதே நகரில் நெடுங்காலம் டயாலிசிஸ் பெற்ற 39 பேரைப் பற்றி 1974-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களில் இறந்துபோன 23 பேரில் 14 பேரின் மரணத்திற்கு இரத்தக் குழாய் அடைப்பு நோயே காரணமாக இருந்தது. இயந்திரம் இரத்தத்தைச் சுத்தம் செய்தது. குழாய்களை அதனால் காக்க இயலவில்லை.

டயாலிசிஸ் வரை சென்றவர்களுக்குத்தானே இந்த ஆபத்து என்று எண்ணிவிடலாகாது. வட கலிஃபோர்னியாவில் 11 லட்சத்திற்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வு மிக முக்கியமானது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை ஓர் எண்ணால் குறிப்பார்கள். அந்த எண் 60-க்கு மேல் உள்ளவர்களோடு ஒப்பிடும்போது, 45 முதல் 59 வரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1.4 மடங்காக இருந்தது. 30 முதல் 44 வரை உள்ளவர்களுக்கு 2 மடங்கு. 15 முதல் 29 வரை 2.8 மடங்கு, 15-க்கும் கீழே 3.4 மடங்கு. இவர்களில் எவரும் அப்போது டயாலிசிஸ் தொடங்கியவர் அல்லர். நம் மோதினாரைப் போன்றவர்கள்.

ஆகவேதான் மருத்துவர்கள் கூறுகிறார்கள்: சிறுநீரக நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் நிலையை அடைவதற்கு முன்னரே இதய நோயால் இறந்துவிடுகின்றனர். நாம் அஞ்சி நிற்கும் வாசல் ஒன்று. மரணம் நுழையும் வாசல் வேறொன்று.

வயதையும் இந்நோய் பார்ப்பதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் டயாலிசிஸ் பெற்ற இளம் வயதினர் 39 பேரின் இதயக் குழாய்களைப் படமெடுத்து ஆராய்ந்த முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 20 வயதுக்குட்பட்ட 23 பேரில் எவருக்கும் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கவில்லை. ஆனால் 20 முதல் 30 வயதுக்குட்பட்ட 16 பேரில் 14 பேருக்குப் படிந்திருந்தது. மணப் பருவத்திலுள்ள பிள்ளைகளுக்கு முதியவர்களின் இரத்தக் குழாய்!

குழாய்கள் முந்திக் கெடுவது ஏன்?

இதனை நான்கு வழிகளாகப் பிரித்து நமக்கு விளக்கினார்கள்.

முதலாவது, இரத்த அழுத்தம். உப்பையும் நீரையும் அளவோடு வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது தளரும்போது உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன. அத்துடன் குழாய்களைச் சுருங்கச் செய்யும் சுரப்புகளும் மிகுகின்றன. அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை மேலும் சிதைக்கிறது. ஒன்று மற்றொன்றைக் கெடுக்க, மற்றொன்று முதலாவதைக் கெடுக்கிறது. இதற்கிடையில், உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவர் தடித்துப்போகிறது.

இரண்டாவது, குழாயின் உட்பூச்சு. நம் இரத்தக் குழாய்களின் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. குழாய் தேவைக்கேற்ப விரிந்து கொடுப்பதற்கு உரிய பொருளை அதுவே சுரக்கிறது. சிறுநீரகம் வெளியேற்றத் தவறிய கழிவுகள் இரத்தத்தில் சுற்றும்போது இந்தப் படலம் நைந்து அழற்சி அடைகிறது. நைந்த இடத்தில் கொழுப்பு புகுந்து படிகிறது. சிறுநீரில் புரதம் கசிவது சிறுநீரகத்தின் சல்லடை பழுதானதற்கு அடையாளம் மட்டுமன்று. உடல் முழுவதும் உள்ள குழாய்களின் உட்படலம் நலிந்திருக்கிறது என்பதற்கும் அதுவே பல வேளைகளில் முதல் அறிகுறி.

மூன்றாவது, சுண்ணாம்பு. உணவிலிருந்து வரும் பாஸ்பரஸை மிகுதியாக வெளியேற்றுவது சிறுநீரகமே. அது முடியாதபோது பாஸ்பரஸ் இரத்தத்தில் உயர்கிறது. எலும்புக்குரிய கணக்குகள் தடம் மாறுகின்றன. குழாய்ச் சுவரிலுள்ள தசைச் செல்கள் எலும்புச் செல்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்கிவிடுகின்றன. மென்மையாக விரிந்து சுருங்க வேண்டிய குழாய், துருப்பிடித்த இரும்புக் குழாய் போல விறைத்துவிடுகிறது. சாதாரண மாரடைப்பு நோயாளியிடம் கொழுப்பு உட்புறத்தில் படிவதே பெரும் சிக்கல். சிறுநீரக நோயாளிக்கு அதனோடு குழாயின் நடுச்சுவரும் சுண்ணாம்பாகிறது.

நான்காவது, இரத்தசோகை. எலும்பு மஜ்ஜையை இரத்த அணுக்கள் உண்டாக்கத் தூண்டும் சுரப்பு சிறுநீரகத்திலிருந்து வருகிறது. அது குறைந்தால் இரத்தம் வெளிறுகிறது. போதிய பிராணவாயுவைச் சேர்க்க இதயம் ஓயாமல் உழைக்க வேண்டியதாகிறது.

இவற்றோடு சர்க்கரை நோயும் பீடி, சிகரெட்டும் சேர்ந்துகொண்டால் என்னவாகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எப்படி அறிவது?

சகோதரர்களே! இந்நோய் ஓசையின்றி வருகிறது. சிறுநீரகத் திறனில் பாதி போன பிறகும் உடம்பில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். இதயக் குழாய் அடைபடும்போதும், குறிப்பாகச் சர்க்கரையும் சிறுநீரக நோயும் சேர்ந்தவர்களுக்கு, நெஞ்சு வலி வராமலே போகலாம். மூச்சு வாங்குதல், காரணமற்ற களைப்பு, திடீர் வியர்வை, தாடையிலோ தோளிலோ வலி, மேல்வயிற்றில் எரிச்சல் ஆகியவையே அறிகுறிகளாக இருக்கலாம். "வாயு பிடித்திருக்கிறது" என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டு காலத்தைக் கடத்தாமல், உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அறிகுறி வரும்வரை காத்திராமல் முன்னரே அறிய மூன்று எளிய சோதனைகள் போதும். ஒன்று, இரத்த அழுத்தம். இரண்டு, சிறுநீரில் ஆல்புமின் புரதம் கசிகிறதா என்னும் சோதனை. கிரியாட்டினினோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும் இந்த எண் 30-க்குக் கீழே இருப்பது நலம். 300-ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். மூன்று, இரத்தத்தில் கிரியாட்டினினும், அதிலிருந்து கணக்கிடப்படும் வடிகட்டும் திறனும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 25 வயது இளைஞருக்கு கிரியாட்டினின் 1.3 என்றால் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 78 வரும். 65 வயதுத் தாயாருக்கு அதே 1.3 என்றால் திறன் ஏறத்தாழ 45 மட்டுமே. சோதனைச் சீட்டில் இருவருக்கும் ஒரே எண். ஆனால் அந்தத் தாயார் சிறுநீரக நோயின் மூன்றாம் நிலையில் இருக்கிறார். திறன் 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, புரதக் கசிவு அதே அளவு காலம் நீடித்தாலோ அது நாட்பட்ட சிறுநீரக நோய் எனப்படும்.

கழுத்துக் குழாயின் சுவர்த் தடிப்பை ஸ்கேனில் அளப்பது, நாடி அலையின் வேகத்தைக் கணக்கிடுவது, இதயக் குழாயின் சுண்ணாம்பை சி.டி. படத்தில் காண்பது என நுட்பமான சோதனைகளும் உண்டு. அவை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. சிறுநீரக நோய் இருக்கிறது என்று தெரிந்துவிட்டாலே, இதயக் குழாய்களுக்கும் ஆபத்து உண்டு என்று கொண்டு காப்பு நடவடிக்கைகளைத் தொடங்கிவிட வேண்டும்.

மருந்துகளால் பயன் உண்டா?

உண்டு. இதனைக் கேட்டபோதுதான் நம் மனம் மிகவும் வருந்தியது. ஏனெனில் இவற்றுள் பல, விலை அதிகமில்லாத மாத்திரைகள்.

இரத்த அழுத்தத்தைப் பொதுவாக 130/80-க்குக் கீழே வைக்கும்படி மருத்துவர்கள் கூறுகின்றனர். 2021-இல் வெளியான பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுதல், முறைப்படி அளக்கப்படுமானால் மேல் அழுத்தம் 120-க்குக் கீழே இருப்பதையே விரும்புகிறது. முதியவர்களுக்கும் தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் இலக்கை மருத்துவர் மாற்றி அமைப்பார். ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற மாத்திரைகள் அழுத்தத்தைக் குறைப்பதோடு புரதக் கசிவையும் குறைக்கின்றன. அவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையையும் எசெடிமைப் என்ற மருந்தையும் சேர்த்து 9,270 சிறுநீரக நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. இரத்தக் குழாய் அடைப்பால் வரும் பெரிய பாதிப்புகள் 17 சதவீதம் குறைந்தன. டயாலிசிஸ் நிலையை அடைந்தபின் ஸ்டாட்டினைப் புதிதாகத் தொடங்கியவர்களிடம் நடந்த வேறு இரு ஆய்வுகளில், 2005-லும் 2009-லும், அத்தகைய தெளிவான பயன் காணப்படவில்லை. இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? காலத்தோடு தொடங்குவதே பயன்.

சர்க்கரைக்கென வந்த டபாகிளிஃபிளோசின் என்னும் மாத்திரை, சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிக்கும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கிறது என்று 4,304 பேரிடம் நடந்த ஆய்வு 2020-இல் காட்டிற்று. அதே ஆண்டில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து, பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதால் விலையும் வெகுவாகக் குறைந்தது. யாருக்கு இது பொருந்தும் என்பதை மருத்துவரே கூற வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்படும் நாட்களில் இத்தகைய மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஞ்சியோகிராம் செய்தால் சாயம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர் நம்மில் பலர். அவசரமற்ற நிலையில் அந்த யோசனைக்கு இடமுண்டு. முற்றிய சிறுநீரக நோயும் நிலையான இதயக் குழாய் நோயும் உள்ள 777 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், முதலிலேயே ஆஞ்சியோகிராமும் ஸ்டென்ட்டும் செய்துகொண்டவர்கள், மருந்தை மட்டும் முதலில் பெற்றவர்களைவிட மரணத்திலிருந்தோ மாரடைப்பிலிருந்தோ கூடுதலாகக் காக்கப்படவில்லை. ஆனால் மாரடைப்பே வந்துவிட்ட நேரத்தில் நிலைமை வேறு. அப்போது சிறுநீரகத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பது உயிரை இழப்பதாகும்.

அடுப்படியும் விருந்தும்

தாய்மார்களே! இப்பகுதி பெரிதும் உங்கள் கையில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கும் குறைவு. குழம்பில் போடுவதை மட்டும் கணக்கிட்டால் போதாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் தின்பண்டம், கல்யாணப் பிரியாணி அனைத்திலும் உப்பு ஒளிந்திருக்கிறது. இந்துப்பும் உப்புதான், அதில் விதிவிலக்கு இல்லை. சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பில் பொட்டாசியம் கலந்திருப்பதால், சிறுநீரக நோயாளி மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடலாகாது.

இளநீர், பேரீச்சை, வாழைப்பழம் ஆகியவை நல்ல உணவுகளே. ஆனால் சிறுநீரகம் பெரிதும் தளர்ந்தவருக்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் தேங்கி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். நாம் அன்போடு வாங்கிக் கொடுத்த இளநீரைப் பற்றி முன்னர் சொன்னது இதற்காகத்தான். பாட்டிலில் வரும் கோலா பானங்களிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட், குழாய்களில் சுண்ணாம்பு படியத் துணைபோகிறது.

கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகம், இதயம் இரண்டுக்கும் கேடு. என்ன சேர்ந்திருக்கிறது என்றே தெரியாத லேகியங்களையும் பஸ்பங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

நோன்பு பற்றி

ரமலானில் நம்மிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது மார்க்கத்தில் தெளிவான சட்டம். குணமாகும் நோயாளி பின்னர் களாச் செய்வார். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஒவ்வொரு நோன்பிற்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யாக் கொடுப்பார். "எனக்கு ஒன்றும் ஆகாது ஹஜ்ரத், வைராக்கியமாக வைத்துவிடுவேன்" என்போரைக் கண்டு முன்பெல்லாம் நாம் பாராட்டியதுண்டு. இனி அவ்வாறு செய்யமாட்டோம். நீர் வற்றுவதால் தளர்ந்த சிறுநீரகம் மேலும் தளரும். மாத்திரை வேளை தவறினால் அழுத்தம் ஏறும். ஆகவே சிறுநீரக நோய் உள்ள எவரும் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்னதை நம்மிடம் சொல்லட்டும். மருத்துவர் கூடாது என்றால், நம் பதிலும் அதுவே. சலுகையை ஏற்பதும் இறைக் கட்டளைக்குப் பணிவதே.

பொதுக்குழுவிடம் நம் வேண்டுகோள்

சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி அவர்கள் தம் அறக்கட்டளையின் மூலம் சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில், ஏறத்தாழ 25,000 மக்களிடையே ஒரு பணியைச் செய்து காட்டினார்கள். பெரிய மருத்துவமனை எதையும் அங்கே கட்டவில்லை. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று சோதிக்கச் செய்தார்கள். இரத்த அழுத்தம் அளக்கச் செய்தார்கள். கண்டறியப்பட்டவர்களுக்கு விலை மலிந்த பழைய மாத்திரைகளைக் கொண்டே சிகிச்சை அளித்தார்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகளால் செய்ய முடிந்ததை, படித்த இளைஞர்கள் நிறைந்த நம் மஹல்லாவால் செய்ய முடியாதா?

ஆகவே நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

1. மாதந்தோறும் முதல் ஜும்ஆவிற்குப் பின் பள்ளி வளாகத்தில் இரத்த அழுத்தம் பார்க்கப்பட வேண்டும். பெண்களுக்கு மதரஸாக் கட்டடத்தில் தனியே ஏற்பாடு வேண்டும்.

2. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியாட்டினினும் சோதிக்க ஜமாஅத் துணைநிற்க வேண்டும்.

3. பைத்துல்மாலின் மருத்துவ உதவி இதுவரை டயாலிசிஸுக்கும் அறுவை சிகிச்சைக்கும் மட்டுமே போய்க்கொண்டிருக்கிறது. அது தொடரட்டும். ஆனால் அதில் ஒரு பங்கு, மாத்திரை வாங்க இயலாத ஏழை நோயாளியின் மாதாந்திர மாத்திரைக்கு ஒதுக்கப்பட வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" போன்ற அரசுத் திட்டங்களில் யார் யாரைச் சேர்க்கலாம் என்பதை நம் இளைஞர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து வழிகாட்டட்டும்.

4. பள்ளியில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் உப்பைக் குறைக்க வேண்டும். தேவைப்படுவோர் வீட்டில் சேர்த்துக்கொள்ளட்டும். சேர்த்துவிட்ட உப்பை எடுக்க எவராலும் இயலாது.

இறுதியாக ஒன்று. இன்று காலை முகாமைத் தொடங்கி வைத்தபோது, "ஹஜ்ரத், நீங்களும் உட்காருங்கள்" என்று அந்த மருத்துவத் தங்கை வற்புறுத்தினார். நாற்பதைக் கடந்து சில ஆண்டுகளாகியும் நாம் ஒருமுறையேனும் சோதித்துக்கொண்டதில்லை. அழுத்தம் 152/98 என்று காட்டியது. சிறுநீரிலும் புரதம் சிறிது இருப்பதாகவும், சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டுமென்றும் சொன்னார்கள். மோதினாருக்காகப் பேச வந்த நாம், இப்போது நமக்காகவும் சேர்த்தே பேசிக்கொண்டிருக்கின்றோம். ஓராண்டாக இதைப் பற்றி விசாரித்துக் கொண்டிருந்தவருக்கே தம்மைச் சோதித்துக்கொள்ளத் தோன்றவில்லை என்றால், மற்றவர்களைக் குறை கூற நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

கூட்டம் முடிந்ததும் வெளித் திண்ணையில் முகாம் இன்னும் ஒரு மணி நேரம் நடைபெறும். வீட்டிற்கு விரைய வேண்டாம். வரிசையில் நில்லுங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும். வீட்டிலிருந்து வராத முதியவர்களை அடுத்த ஜும்ஆவிற்குக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் மறைந்த மோதினார் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! நம்மில் நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! நமக்கு அமானிதமாகத் தந்த உடலைப் பேணும் அறிவையும், அண்டை வீட்டாரின் மூச்சுத் திணறலைக் காதில் வாங்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.